எழுத்தெண்ணிப் படித்தல்: திரிபு முதல் கட்டம் வரை

1

ஏழெழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல். முதலிரண்டு கட்டங்களில் சி, எச். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் ஓ. கடைசியில் டி. மூன்றாவதும் நான்காவதும் காலி. பொருள் என்னவென்று கேட்கக்கூடாது. இப்படி ஒரு கணக்கை நீட்டினால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரும் கொஞ்சம் விழிப்பார். அகராதியைப் புரட்டியும் எளிதில் கிடைக்காது. அகராதிக்கு முதலெழுத்திலிருந்து வரிசையாகப் போகத்தான் தெரியும், நடுக்கட்டத்திலிருந்து உள்ளே நுழைய அதில் வாசல் இல்லை. விடை 'செரூட்'. அதாவது நம்ம உறையூர்ச் சுருட்டு.

'சுருட்டு' பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்குப் போய்விட்ட சொல். தமிழில் நான்கெழுத்து, கப்பலேறியதும் ஏழெழுத்தாகிவிட்டது. ஊர்ப்பெயரும் அப்படித்தான். ஆங்கிலேயர் எழுதிய 'டிரிச்சினாபோலி' அவர்கள் கணக்கில் பன்னிரண்டெழுத்து. அதுவே ஒரு சுருட்டு வகையின் பெயராகி, 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில் கொலைகாரனைக் காட்டிக்கொடுக்கும் சாம்பலாகக் கிடக்கிறது. இன்று ஆங்கிலத்தில் நாம் எழுதும் திருச்சிராப்பள்ளி பதினைந்தெழுத்து. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எண்ணினால் ஒன்பது. யாப்பு வாத்தியார் எண்ணினால் ஆறுதான். புள்ளி வைத்த எழுத்தை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரே ஊர், எண்ணுகிறவரைப் பொறுத்து பன்னிரண்டு, பதினைந்து, ஒன்பது, ஆறு.

இன்ன நீளத்தில், இன்ன எழுத்துகள் உள்ள சொல்லைத் தேடுவது பொழுதுபோக்கு என்றே கருதப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் ஓரத்தில், கைபேசித் திரையில், ரயில் பயணத்தில் செய்வது. பொருளை ஒத்திவைத்துவிட்டு எழுத்தோடு மட்டும் விளையாடுவதால் இதில் அரசியல் ஏதும் இல்லை என்றும் தோன்றும். என் வாதம் வேறு. இந்த விளையாட்டுக்குத் திருச்சியிலும் திருவரங்கத்திலும் ஐந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு முழுக்க மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன: எது ஓர் எழுத்து? எண்ண உரிமை உடையவர் யார்? விடை இதுதான் என்று முத்திரை வைக்கிறவர் யார்? பொருளை ஒத்திவைக்கலாம். இந்தக் கேள்விகளை ஒத்திவைக்க முடிவதில்லை.

2

ஒரு நூலை ஆழமாகக் கற்றவரை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்கிறோம். உருவகமாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஒரு தொழிற்பயிற்சியின் பெயர் மாதிரி இருக்கிறது. தொல்காப்பியம் சொற்களை நீளத்தைக் கொண்டே மூன்றாகப் பிரிக்கிறது: ஓரெழுத்தொருமொழி, ஈரெழுத்தொருமொழி, அதற்கு மேற்பட்டால் தொடர்மொழி. செய்யுளியலில் அடிகளையும் எழுத்தெண்ணியே பிரிக்கிறது: நான்கு முதல் ஆறெழுத்து வரை குறளடி, ஏழு முதல் ஒன்பது வரை சிந்தடி, பத்து முதல் பதினான்கு வரை அளவடி, இப்படியே இருபது வரை. நன்னூல் ஓரெழுத்துச் சொற்களை எண்ணி 42 என்று முடிவு கட்டுகிறது. எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எது ஈற்றில் வரும், எது எதன் பக்கத்தில் நிற்கும் என்று மொழி மரபு வகுத்ததைக் கட்டம் போட்டு ஆடுகிறவனின் கண்ணால் படித்துப் பாருங்கள். ஒரு விளையாட்டின் விதிமுறைப் புத்தகம் போலவே இருக்கும்.

கட்டளைக் கலித்துறை இந்தக் கணக்கின் உச்சம். அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கிப் பதினாறெழுத்து. நிரையசையில் தொடங்கினால் பதினேழு. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கவிதை இல்லை. இதற்குள்தான் பிள்ளைப்பெருமாள் ஐயங்கார் பதினேழாம் நூற்றாண்டில் திருவரங்கத்தந்தாதியை மடக்காலும் திரிபாலும் கட்டினார். மடக்கு என்றால் ஒரே எழுத்துத் தொடர் ஒவ்வோர் அடியிலும் வரும், வெட்டுகிற இடம் மட்டும் மாறும். 'மாதவா' என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் திருமாலை விளிப்பது. மா, தவா என்று பிரித்தால் பெருந்தவம் உடையவன். மாது, அவா என்று பிரித்தால் பெண்ணாசை. எழுத்து அப்படியே இருக்கிறது, கத்தி விழும் இடம் மாறுகிறது, பொருள் கடவுளிலிருந்து காமத்துக்குப் போய்விடுகிறது.

திரிபு இன்னும் நெருக்கமானது. முதலெழுத்து மட்டும் மாற வேண்டும், மற்ற எழுத்தெல்லாம் அப்படியே நிற்க வேண்டும். அரும்பு, இரும்பு, கரும்பு, துரும்பு, திரும்பு, விரும்பு. முதல் கட்டம் காலி, அடுத்த மூன்றும் நிரப்பியாயிற்று. இன்றைய ஆங்கிலச் சொல்தேடி எதைச் செய்கிறதோ அதைத்தான் அரங்கத்துப் புலவர் ஓலையும் எழுத்தாணியுமாகச் செய்துகொண்டிருந்தார். எழுத்து முன்னால் வந்தது, பக்தி அதற்குள் இடம் தேடிக்கொண்டது என்று சொன்னால் வைணவ நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் மடக்கு பாடியவர் யாராக இருந்தாலும் வேலை நடந்திருக்கக்கூடிய வரிசை அதுதான்.

தேடுவதற்குக் கருவிகளும் இருந்தன. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராவது தொகுதி சொற்களை எதுகையைக் கொண்டு, அதாவது இரண்டாம் எழுத்தைக் கொண்டு அடுக்குகிறது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதை மனப்பாடம் செய்தார்கள்; நிகண்டைத் தலைக்குள் ஏற்றிக்கொண்டவன் நடமாடும் சொல்தேடி. 1594இல் சிதம்பரம் ரேவணசித்தர் முதலெழுத்து வரிசையில் அகராதி நிகண்டைச் செய்தார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்தபோது அதில் நான்கு பகுதிகள்: பெயர், பொருள், தொகை, தொடை. நான்காவதான தொடையகராதி எதுகைக்குச் சொல் தேடுகிறவனுக்கென்றே ஆனது. திருச்சியிலிருந்து கிழக்கே கொள்ளிடக் கரைப்பக்கம் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த இத்தாலியப் பாதிரியார், தமிழில் அகராதி செய்யும்போது எழுத்தால் சொல் தேடுவதற்கென்று ஒரு பகுதியை ஒதுக்க வேண்டியிருந்தது. இந்தத் தேவையை அவர் கற்பனை செய்யவில்லை, இங்கே பார்த்தார்.

இதில் பந்தயமும் இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டுக் காளமேகம் திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர், திருவானைக்காவில் ஒரு நடனப் பெண்ணுக்காகச் சைவரானவர் என்று கதை. தீவுக்குள்ளேயே ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்கு நடந்துபோன இந்த மனிதர், ககர வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து ஒரு வெண்பா, தகர வரிசையை மட்டும் வைத்து ஒரு வெண்பா என்று பாடியவர். திருமலைராயன் பட்டினத்தில் யமகண்டம் ஏறினார் என்பார்கள்: கீழே கொதிக்கும் எண்ணெய், மேலே தொங்கும் உறி, சொல் தடுமாறினால் உயிர் போகும். 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்த துறைமங்கலத்தின் பெயரோடு சேர்த்து அழைக்கப்படும் சிவப்பிரகாசர், உதடு ஒட்டாத எழுத்துகளை மட்டும் வைத்துத் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். தோற்றவன் வென்றவனுக்கு அடிமை என்பது அங்கே பந்தயமாம். 1969இல் ஜார்ஜ் பெரெக் 'இ' என்ற எழுத்தே இல்லாமல் ஒரு பிரெஞ்சு நாவல் எழுதியதை நாமெல்லாம் வியந்து படிக்கிறோம். வியக்கத்தான் வேண்டும். ஆனால் அவருக்கு முந்நூறு ஆண்டு முன்னால் ப, ம, வ மூன்றையும், உகரம் ஒகரங்களையும் விலக்கி அந்தாதி பாடிய ஒருவரைச் சொல்லாமல் வியப்பதில் கொஞ்சம் கோளாறு இருக்கிறது.

கதைகள் போகட்டும். கல்விக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கு உறுதியான சான்று ஒன்று திருச்சித் தெருவிலேயே உண்டு. 1815இல் பிறந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளை இளமையில் தண்டியலங்காரம் படிக்க விரும்பினார். பாடம் சொல்ல ஆள் இல்லை. பிச்சையெடுத்து வாழும் பரதேசி ஒருவருக்கு அந்த நூல் தெரியும் என்று அறிந்து, அவர் போகுமிடமெல்லாம் பின்னால் போய், அவருக்கு வேண்டியதைச் செய்து கொடுத்துப் பாடம் கேட்டார். இதை எழுதியிருப்பவர் உ.வே.சாமிநாதையர், 1933-34இல் வந்த பிள்ளையவர்கள் சரித்திரத்தில். அந்த மாணவர்தான் பிற்காலத்தில் திருச்சிராமலைக்கு யமக அந்தாதி பாடினார். அரசவைக்கும் மடத்துக்கும் உரியது என்று நாம் நினைக்கும் எழுத்து வித்தை, ஒரு கட்டத்தில் திருச்சியில் ஒரு பிச்சைக்காரரின் தலைக்குள் இருந்திருக்கிறது.

3

நான் எம்.ஏ. தமிழ் படித்த கல்லூரியில் தண்டியலங்காரம் பாடத்தில் இருந்தது. பொருளணிகளை விரிவாக நடத்தினார்கள். சொல்லணியியல் வந்ததும் "இதெல்லாம் சும்மா வார்த்தை ஜாலம், பரீட்சைக்கு வராது, வாசித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிட்டார்கள். இது ஓர் ஆசிரியரின் சோம்பல் இல்லை. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் விமர்சனம் முழுதுமே எடுத்த முடிவு அது. சங்கம் பொற்காலம், பக்தி எழுச்சி, நாயக்கர் காலம் சீரழிவு என்ற வரைபடத்தில், மடக்கும் சித்திரகவியும் சீரழிவின் அடையாளங்கள். மரபுவாதிகளும் இதைச் சொன்னார்கள், நவீனர்களும் சொன்னார்கள், இடதுசாரிகளும் நிலப்பிரபுத்துவக் கேளிக்கை என்று சொன்னார்கள். 1959இல் சி.சு.செல்லப்பா ஒரு பத்திரிகைக்கு 'எழுத்து' என்று பெயர் வைத்தபோது, அதில் வளர்ந்த புதுக்கவிதை எழுத்தெண்ணிக்கையை உதறித்தான் நடந்தது. உதறியது சரி. எனக்கு அதில் புகார் இல்லை. ஆனால் உதறப்பட்டது எங்கே போய் விழுந்தது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை.

வாரப் பத்திரிகையில் விழுந்தது. 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் ஆர்தர் வின் என்பவர் கட்டம் போட்டு வெளியிட்ட சொற்புதிர், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது. 1930களில் ஆனந்த விகடன் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தி விற்பனையைப் பெருக்கியது. எஸ்.எஸ்.வாசன் 1928இல் அந்தப் பத்திரிகையை வாங்கியதைப் பற்றியே ஒரு கணக்கு உண்டு. எழுத்துக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம், எட்டெழுத்துக்கு இருநூறு ரூபாய் கொடுத்தாராம். ஆ, ன, ந், த, வி, க, ட, ன் என்று பள்ளிக்கூடக் கணக்கில் எண்ணியிருக்கிறார்கள். பிள்ளைப்பெருமாள் ஐயங்கார் தரகராக வந்திருந்தால் ஒற்று இரண்டையும் தள்ளி நூற்றைம்பதுக்கு முடித்திருப்பார். வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். ஓர் எழுத்துக்கு நேரடியாக ரூபாயில் விலை வைத்த இந்தக் கதை, எழுத்து சந்தைக்கு வந்த காலத்தை எந்த ஆய்வேட்டையும்விடச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' தொடராக வந்ததும் (1940 முதல் 1942 வரை) இதே விகடனில்தான். எழுத்தெண்ணிப் படித்த கடைசித் தலைமுறையின் நினைவுகளும் கட்டத்தை நிரப்பும் புதிய தலைமுறையும் ஒரே பத்திரிகையின் வாசலில் உரசிக்கொண்டன.

குறுக்கெழுத்து இங்கே வந்ததும் தமிழ் இலக்கணத்துக்குள் விழுந்தாக வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் வரக்கூடியவை இருபத்தாறு. தமிழில் 247, கிரந்தம் சேர்த்தால் இன்னும் அதிகம். ஆங்கிலத்தில் ஐந்து உயிர்களும் சொல்லின் எங்கேயும் உட்கார்ந்துகொண்டு இடமிருந்து வலமாக ஒரு சொல்லுக்கும் மேலிருந்து கீழாக இன்னொரு சொல்லுக்கும் உதவும். தமிழில் உயிர் மெய்யோடு கலந்துவிடுகிறது. அளபெடையை விட்டுவிட்டால், தனி உயிர் சொல்லின் முதலில் மட்டும்தான் வரும். ஆகவே ஒரு கட்டத்தில் 'அ' இருந்தால் இரண்டு திசையிலும் அங்கே சொல் தொடங்கியாக வேண்டும். புள்ளி வைத்த எழுத்து சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே 'ம்' இருக்கும் கட்டத்திலிருந்து எந்தத் திசையிலும் சொல் தொடங்க முடியாது. தமிழ்ச் சொற்களில் பல 'ம்' என்றும் 'ல்' என்றும் முடிகிறவை. கட்டம் வரைகிறவர் தெரிந்தோ தெரியாமலோ தொல்காப்பியரின் மொழிமுதல் விதியோடுதான் மல்லுக்கட்டுகிறார். விரட்டப்பட்ட யாப்புக்காரன் பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்துகொண்டான்.

ஒரு பெரிய மாற்றத்தை மறைத்துவிட்டு இந்தத் தொடர்ச்சியை மட்டும் கொண்டாடினால் அது பழம்பெருமை பேசுவதாகிவிடும். யமக அந்தாதி பாட நிகண்டு வேண்டும், குரு வேண்டும், குரு கிடைக்கிற சாதியில் பிறந்திருக்க வேண்டும். பரதேசியின் பின்னால் நடக்கவும் அந்தப் பையனுக்குத் தெருவில் நடக்கிற உரிமை வேண்டியிருந்தது. குறுக்கெழுத்துக்குத் தேவை ஒரு பத்திரிகை, ஒரு பென்சில், தபால் செலவுக்குச் சில்லறை. வீட்டுக்குள் இருந்த பெண்கள், குமாஸ்தாக்கள், பத்திரிகையை இரவல் வாங்கிய பையன்கள் எல்லோரும் எழுத்தை எண்ணத் தொடங்கினார்கள். இலக்கியவாதிகள் இதைக் கேவலம் என்று பார்த்தபோது, அவர்கள் கண்ணை உறுத்தியது பணம் மட்டும்தானா, ஆட்களும்கூடவா என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

4

சரி, பணத்துக்கு வருவோம். பரிசுப் போட்டியின் சூட்சுமம் எளிது. கட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சொல் பொருந்தும்படி விட்டுவிட வேண்டும். நானே ஒன்று செய்து பார்க்கிறேன். மூன்றெழுத்து, கடைசி இரண்டும் 'ணம்'. குறிப்பு: 'இது இருக்கும் வீட்டில் உறவினர் கூடுவார்கள்.' பணம், மணம், குணம், பிணம். நான்கும் பொருந்துகின்றன, நான்குக்கும் வாழ்க்கையில் ஆதாரம் உண்டு. எது சரி என்பதைப் போட்டி நடத்துகிறவர் முன்னதாகவே ஓர் உறையில் போட்டு முத்திரையிட்டு வைத்திருப்பார். கட்டணம் கட்டிய ஆயிரக்கணக்கானவர்கள் அந்த உறைக்குள் இருப்பதை ஊகிக்க வேண்டும். திரிபு சூதாட்டமாக மாறுவது இந்த இடத்தில்தான்.

1955இல் நாடாளுமன்றம் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாயைத் தாண்டக்கூடாது, ஒரு போட்டிக்கு வரும் விடைத்தாள்கள் இரண்டாயிரத்தைத் தாண்டக்கூடாது. பரிசுப் போட்டி என்றால் என்ன என்று சட்டம் தரும் விளக்கம்தான் எனக்கு வியப்பு. எழுத்துகளையோ சொற்களையோ எண்களையோ கட்டி வளர்ப்பது, அடுக்குவது, சேர்ப்பது, இடம் மாற்றி அமைப்பது ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட புதிர் என்று அது வகுக்கிறது. சட்டம் எழுதியவர்கள் தண்டியைப் படித்திருக்கமாட்டார்கள். ஆனால் எழுத்துகளைக் கட்டி வளர்ப்பதற்குச் சொல்லணியியலில் பெயர் எழுத்து வருத்தனம். 'கம்' என்றால் நீர். முன்னால் ஓர் எழுத்து சேர்த்தால் நகம். இன்னொன்று சேர்த்தால் கநகம், பொன் (பழைய எழுத்து வழக்கில் தந்நகரம்). மேலும் ஒன்று சேர்த்தால் கோகநகம், தாமரை. நம் பாடத்திட்டம் தாண்டிப்போன பக்கத்தை இந்திய அரசாங்கம் சட்டப் பிரிவாக எழுதிவைத்திருக்கிறது.

பெங்களூரிலிருந்து வந்த 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' பத்திரிகை வழியாகப் போட்டி நடத்திய ஆர்.எம்.டி.சமர்பாக்வாலா வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1957 ஏப்ரல் 9 அன்று இரண்டு தீர்ப்புகள். கேள்வி ஒன்றுதான்: எழுத்தைத் தேடி நிரப்புவது திறமையா, அதிர்ஷ்டமா? கணிசமாகத் திறமையைச் சார்ந்திருந்தால் அது தொழில், அரசியல் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு. அதிர்ஷ்டமானால் சூது, பாதுகாப்பு இல்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளுக்கே பொருந்தும் என்று தீர்ப்பெழுதியவர் நீதிபதி டி.எல்.வெங்கடராம அய்யர். அவர் அம்பி தீட்சிதரின் மாணவர்; முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளைக் கற்பித்தவர்; 1944இல் சங்கீத கலாநிதி. கணக்குக்குள் நின்று கற்பனை செய்வது எப்படி என்று தெரிந்த ஒருவர் முன்னால் இந்தக் கேள்வி போய் நின்றது ஒரு தற்செயல். (2025இல் வந்த இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைப் பொறுத்தவரை திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாட்டையே ஓரங்கட்டிவிட்டது.)

இதே கேள்வியால் தூக்கம் தொலைத்த இன்னொருவர் சசூர். அமைப்பியலின் தந்தை என்று நாம் கொண்டாடும் அதே சசூர், 1906 முதல் 1909 வரை நோட்டுப் புத்தகங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். பழைய லத்தீன் கவிதைகளுக்குள் கடவுள், தலைவன் பெயர்களின் எழுத்துகள் சிதறி ஒளிந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. தேடத் தேடக் கிடைத்துக்கொண்டே இருந்தது. அதுதான் பயமுறுத்தியது. எங்கே தேடினாலும் கிடைக்கிறது என்றால் அது கவியின் திறமையா, எழுத்துகளின் தற்செயலா? 1909இல், லத்தீனில் கவிதை எழுதிக்கொண்டிருந்த ஜியோவன்னி பாஸ்கோலிக்கு எழுதிக் கேட்டார். அவரது இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆய்வைக் கைவிட்டார். அந்த நோட்டுகளை ஸ்தாரோபின்ஸ்கி 1971இல் நூலாக்கினார்.

சசூர் தேடியதற்குத் தமிழ் அணியிலக்கணத்தில் கரந்துறை செய்யுள் என்று பெயர் இருக்கிறது: ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொன்று ஒளிந்திருப்பது. ஆனால் 'எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது' என்று முடிக்க நான் இதைச் சொல்லவில்லை. இங்கே அந்தச் சந்தேகமே எழவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. காரணம், ஒளித்தேன் என்று புலவர் சொல்வார், ஆமாம் என்று அவை ஒப்பும், உரைகாரர் பிரித்துக் காட்டுவார். முத்திரை வைக்கும் அதிகாரம் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். சசூருக்கு அவை இல்லை. குறுக்கெழுத்து வாசகனுக்கும் இல்லை, உறை மட்டும்தான். திறமைக்கும் தற்செயலுக்கும் இடையில் உள்ள கோட்டை எழுத்துகள் வரைவதில்லை, அவையோ உறையோ நீதிமன்றமோதான் வரைகிறது.

5

இன்று முத்திரை இயந்திரத்திடம் இருக்கிறது. காலிக் கட்டங்களோடு எழுத்துகளைத் தட்டினால் ஆங்கிலச் சொற்பட்டியல் நொடியில் வந்து நிற்கிறது. ஜோஷ் வார்டில் 2021இல் வெளியிட்ட ஐந்தெழுத்து 'வேர்டில்' உலகத்தையே காலையில் எழுந்ததும் ஐந்தெழுத்து எண்ண வைத்தது. திருச்சியில் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் ஆங்கிலச் சொல் விளையாட்டு ஆடினால் 'வொக்காபுலரி வளரும்' என்று வீட்டில் மகிழ்கிறார்கள். அதே பிள்ளை திரிபு கட்டி விளையாடினால்? நேரத்தை வீணாக்குகிறான். ஒரே வேலைக்கு ஒரு மொழியில் அறிவு என்றும் இன்னொரு மொழியில் வெட்டிவேலை என்றும் பெயர். இந்த ஏற்றத்தாழ்வை ஆங்கிலேயர் மட்டும் உண்டாக்கவில்லை. சித்திரகவியைச் சீரழிவு என்று தள்ளிய நமது விமர்சனமும் கை கொடுத்திருக்கிறது.

இயந்திரம் தமிழை எண்ணும் விதத்தையும் பார்க்கலாம். 'தமிழ்' எத்தனை எழுத்து? மூன்று. யுனிகோடு ஐந்து என்கிறது: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. 'திருச்சி' நமக்கு நான்கு, அதற்கு எட்டு. யுனிகோடின் தமிழ்ப் பகுதி இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி முறையை ஒட்டி அமைந்தது. உயிர்மெய்க்குத் தனி இடம் தரவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே இடம் என்ற டேஸ்16 முறையையும் 2010இல் தமிழக அரசு ஏற்றது, ஆனால் உலகம் யுனிகோடில்தான் ஓடுகிறது. தமிழ் நிரலாளர்கள் எழுத்தாகச் சேர்த்தெண்ணும் நிரல்களை எழுதிவிட்டார்கள், நல்லது. இருந்தாலும் எது ஓர் எழுத்து என்ற தொல்காப்பியக் கேள்விக்கு இன்று முதல் விடை சொல்வது ஒரு குறியேற்ற அட்டவணை. நாம் அதைத் திருத்துகிறவர்களாக இருக்கிறோம்.

கடைசியாக, பொருளை ஒத்திவைக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். ஆறெழுத்தில் ஓர் ஆங்கிலச் சொல்: பி, ஏ, ஆர், ஐ, ஏ, எச். ஸ்கிராபிள் பலகையில் பதினொரு புள்ளி. குறுக்கெழுத்தில் குறிப்பு 'ஒதுக்கப்பட்டவன்' என்று வரும். பறை என்ற சொல்லிலிருந்து வந்த ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் அது. ஆங்கில அகராதிகளில் இன்றும் சாதாரணச் சொல்லாக இருக்கிறது. 2020இல் வட அமெரிக்க ஸ்கிராபிள் ஆட்டக்காரர் சங்கம் இருநூறுக்கும் மேற்பட்ட வசைச் சொற்களைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது, பலகையில் சொற்களுக்குப் பொருள் கிடையாது, எழுத்தும் புள்ளியும்தான் என்று சில ஆட்டக்காரர்கள் வாதாடினார்கள். குறிப்பான் மட்டும் போதும், குறிப்பீடு வேண்டாம் என்ற அந்த வாதத்தைத் திருச்சியில் இருந்து கேட்கும்போது எப்படி இருக்கிறது? செரூட் என்ற ஏழெழுத்துக்குள் உறையூரில் சுருட்டுச் சுற்றிய கைகள் மறைந்திருப்பதுபோல, இந்த ஆறெழுத்துக்குள் ஒரு சேரியும் ஒரு பறையும் நூற்றாண்டுகளின் அவமதிப்பும் இருக்கின்றன. உலகத்துக்கு அது அர்த்தம் ஒத்திவைக்கப்பட்ட விளையாட்டு. இங்கே பெயருக்கு உரியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

ஆகவே எழுத்தெண்ணும் விளையாட்டை விட்டுவிட வேண்டும் என்பது என் முடிவு இல்லை. நேர்மாறாக, அதைத் தமிழ்க் கல்விக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்கிறேன். சொல்லணியியலை வகுப்பில் நடத்துங்கள். தொடையகராதியைக் கணினியில் ஏற்றுங்கள். பிள்ளைகள் திரிபு கட்டி விளையாடட்டும். ஆனால் ஓலை படிக்க இடம் கிடைத்தவர்கள் மட்டும் விளையாடிய பழைய அவையாக அது திரும்பி வரக்கூடாது, உறையில் விடையை மூடிவைத்துக் காசு பறித்த சந்தையாகவும் வரக்கூடாது. கட்டத்தில் ஒரு சொல் பொருந்திய மாத்திரத்தில் நிறுத்திவிடாமல், இது எந்த ஊர்ச் சொல், யாருடைய பெயர், எப்போது இந்த நீளத்துக்கு வெட்டப்பட்டது என்று கேட்கிற பழக்கமும் கூடவே வர வேண்டும். எழுத்தெண்ணிப் படித்தல் என்பதற்கு இனிமேல் அந்தப் பொருளையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.